துணிக்கு இடைஞ்சலாக இருந்த தலை

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நீள மேசையின் தலைமாட்டில், திரைக்கு நேர் எதிரே, முதலாளி. அவருக்கு வலப்பக்கம் விற்பனை மேலாளர், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிய, காலணியைப் பாதி கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரை அடுத்துக் கேள்விக்காரர். விளையாட்டின் நடுவே பிள்ளைகளுக்கு வரும் கேள்விகளை எழுதுகிறவர். இடப்பக்கம், மடிக்கணினியும் ஒயர்களுமாகக் கொண்டை. கணினி நிரல் எழுதுகிறவன். முடியை உச்சியில் முடிந்திருப்பதால் வந்த பெயர். இப்போது அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். கதவோரத்து நாற்காலியில் முதலாளியின் மனைவி. கணக்கு அவள் பொறுப்பு. டீ வந்தால் எழுந்து வாங்குவதும் அவள் பொறுப்பு என்று எல்லோரும் எப்படியோ முடிவுசெய்திருந்ததால் அந்த நாற்காலி அவளுக்கு நிலைத்துவிட்டது. மேசையின் கடைக்கோடியில், ஏசி சொட்டுகிற இடத்தில், தண்ணீர் பிடிக்க வைத்த வாளிக்குப் பக்கத்தில் சிலைக்காரி.

சிலைக்காரி முதலாளி மனைவியின் உடன்பிறந்த தங்கை. பழைய சிலைகளை எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்து, பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி கணினியில் உருவமாக்குவது அவள் வேலை. வீட்டில் முதலாளியை அத்தான் என்பாள். அலுவலகப் படியேறினால் சார். முதலில் கொஞ்ச நாள் வாய் தவறி அத்தான் என்று கூப்பிட்டு, "இங்க நான் யாருக்கும் அத்தான் இல்ல" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதில் அது பழகிவிட்டது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான வரலாற்று விளையாட்டு. பிள்ளை ஒரு பழைய நகரத்துக்குள் நுழையும். கிணற்றடி, குயவர் சூளை, மற்போர் பழகும் மல்லர் கூடம் என்று சுற்றும். எதிர்ப்படும் சிலைகளைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அடுத்த தெரு திறக்கும்.

போன மாதம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் விற்பனை மேலாளர் ஒரு பள்ளியிலிருந்து வெளிறிப்போய்த் திரும்பினார். தலைமையாசிரியை மல்லர் கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். மல்லன் கல்லில் எப்படி இருந்தானோ அப்படியே நின்றிருக்கிறான், பிறந்த மேனியாக. அந்த அம்மாள் கணினியையே மூடிவிட்டு, "டீ சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றாராம். டீயும் வரவில்லையாம்.

உடனே எல்லாச் சிலைக்கும் துணி போடுவதென்று முடிவானது. சிலைக்காரி மல்லுக்கு நின்றாள். கடைசியில், மல்லன் இடுப்பில் ஒரு துண்டு, கீழே 'இந்தச் சிலை மறைத்துக் காட்டப்படுகிறது' என்று ஒரு வரி, அவ்வளவு என்று மனமில்லாமல் ஒத்துக்கொண்டாள். அருங்காட்சியகத்தில் படமெடுத்த சுட்டமண் உருவம் ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. "அந்த மண்ணுருவத்தைத் தொடாதீங்க சார். காட்ட முடியலைன்னா எடுத்துடுங்க. துணி மட்டும் போடாதீங்க."

"பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி.

அவர் அகராதியில் அதற்கு, நீ பார்க்காத நேரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். இத்தனை வருஷம் அவருக்குக் கொழுந்தியாளாக இருந்தும் அதை அன்றைக்கு மறந்தது தன் முட்டாள்தனம் என்று அவள் பிற்பாடு தன்னையே நொந்துகொண்டாள்.

ஆறு பேரும் கூடிய அன்று, துணியெல்லாம் போட்டு முடித்து, கொண்டை விளையாட்டைத் திரையில் ஓட்டிக் காட்டினான். மல்லர்கள் முழங்கால்வரை பாவாடை கட்டி நின்றார்கள். அவள் எழுதிய வரியைக் காணோம். கேட்டதற்கு, இடம் பத்தவில்லை என்றான். தெருமுனையில் கல்குதிரை ஒன்று வந்தது. அதற்கும் இடுப்பில் துணி.

"குதிரைக்கு எதுக்குப்பா?" என்றாள் அக்கா.

"தனித்தனியா யாரு மேடம் போடறது? ஒரே துணியைத் தைச்சு எல்லாத்துக்கும் போடச் சொல்லிக் கணினிக்கிட்ட விட்டுட்டேன். அதுக்கு மனுஷன் யாரு குதிரை யாருன்னு தெரியாதுல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சிலைக்காரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே அடுத்த தெரு திறந்து, மண்ணுருவம் வந்தது.

நிஜத்தில் அது உள்ளங்கையில் அடங்கும். சுட்ட மண். நடுவில் ஒருத்தி தாழ்ந்த பலகையில் காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஒரு பொட்டுத் துணி இல்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அவள் அக்குளில் கைகொடுத்துத் தாங்குகிறார்கள். முன்னால் ஒருத்தி மண்டியிட்டு இரண்டு கையையும் ஏந்தியிருக்கிறாள். ஏந்திய கைகளுக்கு நேர் மேலே பிள்ளையின் தலை. தலை மட்டும்தான் வெளியே வந்திருக்கிறது. பெற்றுக்கொண்டிருப்பவள் வாயைத் திறந்திருக்கிறாள். அவள் கால் கட்டைவிரல்கள் இரண்டும் தரையைவிட்டு மேலே மடங்கியிருக்கின்றன. அந்தக் கட்டைவிரல்களைக் கணினியில் கொண்டுவர சிலைக்காரி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

திரையில் பெற்றுக்கொண்டிருப்பவளின் கழுத்திலிருந்து தரைவரை சிவப்புத் துணி தொங்கியது. ஓரத்தில் பொன்னிறக் கரை. கட்டைவிரல் இல்லை. துணியோ ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று விழுந்திருந்தது.

"தலை எங்க?" என்றாள் சிலைக்காரி.

"எந்தத் தலை மேடம்?"

"பிள்ளையோட தலை."

"ஓ, அதுவா?" கொண்டை உற்சாகமாகத் திரும்பினான். "இவளுக்கு மட்டும் நீளமாத் தனித் துணி. போட்டதும் அந்த இடத்துல மட்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு மேடம். பார்க்க நல்லால்ல. அதான் வழிச்சு எடுத்துட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு அழகா விழுது."

அவள் வாயைத் திறப்பதற்குள் திரையில் கேள்வி வந்தது. 'அரசி அரியணையில் வீற்றிருக்கிறாள். அவள் காலடியில் கையேந்தி மண்டியிட்டிருப்பவள் யார்?' கீழே மூன்று விடைகள்: மகள், அடிமை, நடனப்பெண். கொண்டை 'அடிமை'யைத் தட்டினான். மணி அடித்தது. நட்சத்திரங்கள் கொட்டின. யாரோ முகம் தெரியாத பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சிலைக்காரிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"இதை யாரு எழுதினது?"

"நான்தாம்மா" என்றார் கேள்விக்காரர். "ஏன், எழுத்துப் பிழையா?"

"நான் குறிப்பு எழுதிக் கொடுத்தேனே சார். படிக்கலையா?"

"அது நாலு பக்கம் இருந்துச்சேம்மா."

அந்த அலுவலகத்தில் அதுதான் முறை. கேள்வி கடைசியில் எழுதப்படும், திரையில் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்து. "இங்க தெரியறதுக்குத்தாம்மா நான் கேள்வி போட முடியும். சிவப்புத் துணி, பொன்கரை, ரெண்டு பக்கமும் ஆளு. அரசின்னு நினைச்சேன். ஒருத்தி கையேந்திட்டு இருந்தா. அடிமைன்னு நினைச்சேன். பின்ன எதுக்கு ஏந்தறா?"

"பிள்ளையைப் பிடிக்க ஏந்தறா!" சிலைக்காரி எழுந்த வேகத்தில் வாளி இடறித் தண்ணீர் தரையில் ஓடியது. "அவ மருத்துவச்சி சார்! அவ கைக்கு வர வேண்டிய பிள்ளையை இவன் வழிச்சு எடுத்துட்டான். வெறுங்கையைப் பார்த்து நீங்க அடிமைன்னுட்டீங்க. பெத்துக்கிட்டு இருக்கிறவ உங்களுக்கு அரசி, பிள்ளையை ஏந்தறவ அடிமை! அதுக்கு நட்சத்திரம் வேற!"

"குரலை ஏத்தாதே" என்றார் முதலாளி.

விற்பனை மேலாளர் சமாதானமாகக் கையை விரித்தார். "பத்து வயசுப் பிள்ளைங்க மேடம். இது என்ன, பிள்ளை எப்படிப் பொறக்குதுன்னு கேட்டா டீச்சருங்க என்ன சொல்வாங்க?"

"இப்படித்தான் பொறக்குதுன்னு சொல்லட்டும். நீங்க என்ன, பார்சல்ல வந்து இறங்கினீங்களா?"

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். "எனக்கு மூணு பொறந்துச்சு. ஒருத்தரும் பொன்கரை போட்ட துணி கொண்டுவரலையே" என்றவள், தலைமாட்டிலிருந்து வந்த பார்வையில் கப்சிப்பென்று டீக் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"சரி, ரெண்டே வழி" என்றாள் சிலைக்காரி. "ஒண்ணு, இருக்கிறதை இருக்கிறபடி காட்டுங்க. இல்ல, மொத்தமா எடுத்துடுங்க. மறைக்கிறது ஒண்ணு, பொய் சொல்றது வேற. மல்லனுக்குத் துண்டு கட்டினா அவன் துண்டு கட்டின மல்லன். இவளுக்குத் துணி போட்டா இவ இவளே இல்ல."

"எடுக்க முடியாது." முதலாளி பேனாவை மேசையில் தட்டினார். "உனக்கே தெரியும். மத்த சிலையெல்லாம் நாமளா அங்கங்க போய்ப் படமெடுத்தது. அருங்காட்சியகம் நமக்குக் கொடுத்தது இது ஒண்ணுதான். இது இருக்கறதாலதான் அவங்க முத்திரை விளையாட்டுப் பெட்டி மேல இருக்கு. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் கதவைத் திறக்குது."

"அப்ப பொய் நம்மளோடது, முத்திரை மட்டும் அவங்களோடதா?"

"உனக்கு அவ்வளவு உறுத்துதுன்னா உன் பேரை எடுத்துடறேன். போதுமா?"

"என் பேரை எடுத்தா அந்தப் பிள்ளை திரும்ப வந்துடுமா?"

முதலாளி கொண்டையைப் பார்த்து, அடுத்த தெருவைக் காட்டச் சொன்னார். சிலைக்காரி நகரவில்லை. திங்கட்கிழமை வரை பொறுப்பதாகவும், அதற்குள் சரிசெய்யாவிட்டால் தானே அருங்காட்சியகத்துக்கு எழுதப்போவதாகவும், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

அவளை உறுத்தியது வெறும் கோபமாக இருந்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆரம்பத்தில், தனக்குத் தூசி ஒத்துக்காது என்று முதலாளி அவளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தபோது, அங்கே காப்பாளர் அம்மாள் உருவத்தை இரண்டு கையாலும் எடுத்து, மடித்த துவாலைமேல் வைத்தார். அதட்டலாகப் பேசுகிற மனுஷி. "இதை இதுவரைக்கும் வெளியே யாருக்கும் கொடுத்ததில்ல. கேட்டு வந்தவங்க எல்லாருக்கும் இது மேல ஒரு கர்ச்சீப்பாவது போடணும். நீ என்ன போடப்போற?"

"ஒண்ணும் போடமாட்டேன் மேடம்."

"உன் முதலாளி?"

"என் பொறுப்பு."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அனுமதியை நிறுவனத்தின் பெயரில் தராமல் அவள் பெயரிலேயே தந்தார். உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும். அதில் தவறினால் அவள் கையெழுத்திட்டு எழுதித் தெரிவிக்க வேண்டும். எழுதிய அன்றோடு அனுமதி முடிந்துவிடும். இவ்வளவுதான் நிபந்தனை. முதலாளி அதைப் படித்துவிட்டு, "யார் பேர்ல இருந்தா என்ன, வீட்டுப் பொண்ணுதானே" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. கொண்டை அவள் மேசைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் திரையைத் திருப்பிக் காட்டினான். குதிரையின் துணி போயிருந்தது. மண்ணுருவத்தின் துணி அப்படியே இருந்தது. கேள்வியில் 'அடிமை' என்ற விடை, 'பணிப்பெண்' என்று மாறியிருந்தது.

"இவ்வளவுதானா?"

"தலையையாவது திருப்பி வச்சிடறேன்னு கேட்டேன் மேடம். துணி கெட்டுப்போகும், விட்டுடுன்னு சொல்லிட்டார்." அவன் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தான். "எனக்கு அன்னிக்கு நிஜமாவே தெரியாது. ஏதோ உருண்டைன்னு நினைச்சேன்."

"நாலு பக்கக் குறிப்புல முதல் வரியே அதுதான்."

அவன் மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விட்டான். குதிரைக்குக் கிடைத்த நியாயம்கூட ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், யாரும் வராத கணக்கு அறையில் அக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒரு மண்ணு பொம்மைக்காக உன் அத்தானை நடுத்தெருவுல நிறுத்தப் போறியா?"

"அவரை யாரு நிறுத்தறது? முத்திரை இல்லாம வித்துக்கட்டும். தெம்பு இருந்தா உள்ளபடி காட்டிட்டு முத்திரையோட விக்கட்டும்."

"சொல்றது சுலபம். அனுப்பற தேதி குறிச்சாச்சு. பெட்டியெல்லாம் அச்சாகி வந்துடுச்சு. வீட்டுக்கு வந்தா அந்த மனுஷன் முகத்துல நான்தான் முழிக்கணும்." அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். "நீ இனிமே எங்க வீட்டுப் படி ஏறுவியா, மாட்டியா?"

"நீ கூப்பிட்டா ஏறுவேன்."

"அவர் கூப்பிடமாட்டார்."

"தெரியும்."

பிறகு சிலைக்காரி, "மூத்தவன் பொறந்தன்னிக்கு என்னைக் கிள்ளினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "ஒரு வாரம் கை கன்னிப்போய் இருந்துச்சு."

"பின்ன? நீ பாட்டுக்கு மூச்சு விடு மூச்சு விடுன்னு உயிரை வாங்கினே. வலி எனக்கா உனக்கா?"

"அத்தானையும் திட்டினே. வார்டே கேட்டுச்சு. அந்த நர்ஸம்மா சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

"நீட்டிட்டுத்தான் இருந்தாங்க, பாவம். நான் உதைச்சதையும் வாங்கிக்கிட்டு." அக்காவின் வாயோரம் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. அவள் டப்பா மூடியையே பார்த்தாள். "அவங்களையா அடிமைன்னு எழுதினாங்க?"

"இப்ப பணிப்பெண்ணாம். பதவி உயர்வு."

அக்கா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பது நாளும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியவள். கடைசியில் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உன்னை எழுதுன்னு சொல்லமாட்டேன். எழுதாதேன்னும் சொல்லமாட்டேன். என்கிட்டக் கேட்காதே. ஆனா ஆபீஸ் கவர்ல அனுப்பாதே. கேட்டா நான் கணக்குச் சொல்லணும்."

சிலைக்காரி தன் மேசைக்குப் போகவில்லை. முதலாளியின் அறைக்கு நேராகப் போனாள். அவர் போனில் இருந்தார்.

"அத்தான்" என்றாள்.

அவர் திடுக்கிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தார். "இங்க நான்—"

"இன்னிக்கு மட்டும் கேளுங்க. தலையைத் திருப்பி வைக்கிறீங்களா?"

"இத பாரு. நீ ரொம்பப் படம் காட்டற. நாளைக்கே இது எல்லாம் அடங்கிடும். எந்தப் பிள்ளை துணியைத் தூக்கிப் பார்க்கப் போகுது?"

"தூக்கினாலும் உள்ள ஒண்ணும் இருக்காது அத்தான். அதைத்தான் சொல்றேன்."

"வேலையை விட்டுட்டுப் போற மாதிரி பேசற."

"ஆமா."

அவர் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

தெருக்கோடி அஞ்சல் அலுவலகத்தில், உறை விற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்வுப் பலகை ஒன்று உண்டு. கயிற்றில் கட்டிய பேனா ஒன்றும் உண்டு, எழுதாது. சிலைக்காரி தன் பேனாவை எடுத்தாள். படிக்கிற காலத்தில் கற்றுக்கொடுத்தபடி, இடது ஓரம் விட்டு, தேதி போட்டு, பெறுநர் எழுதி, கோபம் கையெழுத்தில் ஏறிவிடாமல் மெதுவாக எழுதினாள்.

'மதிப்பிற்குரிய காப்பாளர் அம்மா அவர்களுக்கு, என் பொறுப்பு என்று தங்களிடம் சொன்னேன். அதைக் காக்க என்னால் முடியவில்லை. தாங்கள் தந்த உருவத்துக்குத் துணி போட்டுவிட்டார்கள். துணி சீராக விழவேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் தலையை நீக்கிவிட்டார்கள். பெறுகிறவளை அரசி என்றும், பிள்ளையை ஏந்தும் மருத்துவச்சியைப் பணிப்பெண் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். கத்தியும் பார்த்தேன். என் பெயரில் தந்த அனுமதியை இக்கடிதத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தங்கள் முத்திரை அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது. நான் எடுத்த படங்களும் செய்த உருவமும் தலையோடும் கட்டைவிரல்களோடும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவை தங்களுடையவை. எப்போது கேட்டாலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.'

கீழே கையெழுத்துப் போட்டாள். ஒரு முறை படித்தாள். 'கத்தியும் பார்த்தேன்' என்பதை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தாள். அப்புறம், நடந்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பலகையில் இருந்த பசை காய்ந்துபோயிருந்தது. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"சாதாரணமா, பதிவா?" என்று கேட்டார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

"பதிவு."

"உள்ள என்ன?"

"கடிதம்தான்."

அவர் உறையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மேலே ஓங்கி ஒரு முத்திரை குத்தி, பின்னால் கிடந்த பைக்குள் போட்டார்.